இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவள்

"ஒரகடத்துல எறங்குனா அந்தப் பக்கம் போற பஸ்ஸு வருமா?" என்று கண்டக்டரிடம் கேட்கிறாள் பாண்டிச்செல்வி. அவர் வரும் என்று சொல்லி முடிப்பதற்குள் திரும்பி, பின்சீட்டில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரப் பெண்ணிடமும் அதையே கேட்கிறாள். அந்தப் பெண்ணும் வரும் என்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது அவளுக்குப் போதவில்லை. ஜன்னலோரம் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருக்கும் கம்பெனிச் சட்டைக்காரரின் தோளைத் தட்டி எழுப்பி அவரிடமும் கேட்கிறாள்.

கண்டக்டருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "இன்னாமா, நான் இன்னா பொய்யா சொல்லிக்கினு கீறேன்?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க சரியாத்தான் சொல்லுதீங்க. நான் சும்மா கேட்டுக்கிடுதேன்."

இந்தக் 'கேட்டுக்கிடுதேன்' அவள் வாயில் ஒரு நாளில் பலமுறை வரும். பெண்களுக்கு இலவசம் என்று கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டைக்கூட அவள் கீழே போடுவதில்லை. இறங்கிய பிறகும் சற்று தூரம் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பாள். யாராவது ஓடிவந்து இலவசம் இல்லை என்று சொல்லிவிட்டால் காட்டுவதற்காம்.

பாண்டிச்செல்விக்கு இருபத்தேழு வயதிருக்கும். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே செல்போன் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்து, லைனில் வரும் போன்களின் முதுகில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் வழுக்கும்படி பொருளைப் பிடித்துப் பார்ப்பாள். வேலை முடிந்த பிறகும் அந்தச் சாய்வு கழுத்தைவிட்டுப் போவதில்லை. டீக்கடையில் கிளாஸை, பழக்கடையில் கொய்யாவை, புதிதாகப் பேசவரும் மனிதரின் முகத்தை, எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள்.

வார விடுமுறை வந்தால் அறைத்தோழிகள் துணி துவைப்பார்கள், தூங்குவார்கள், ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் சினிமா பார்ப்பார்கள். இவள் பஸ் ஏறிப் பாழடைந்த இடங்களைப் பார்க்கப் போகிறாள். கூரை விழுந்த கற்கோயில், வயல் நடுவே நிற்கும் நான்கு தூண்கள், ஏரிக்கரைக்குப் பின்னால் வட்டமாகக் கிடக்கும் ஈமக்கற்கள். தனியாகத்தான் போவாள். பஸ்ஸில் மட்டும்தான் போவாள். ஷேர் ஆட்டோவில் ஏறமாட்டாள்.

"ஆட்டோக்காரன் கொண்டுவிட்ட எடந்தான் நாம போன எடம்னு ஆயிரும். பஸ்ஸுன்னா அப்பிடி இல்ல. அம்பது பேரு சேந்து போறோம். அம்பது பேரையும் ஒருத்தன் ஏமாத்த முடியாதுல்லா."

பையில் ஒரு குடை, தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சாதம், ஆதார் நகல், கம்பெனி அடையாள அட்டை, ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடி. கடைசியாகச் சொன்னது சாப்பாட்டுக்கு இல்லை.

அவள் போகும் இடங்களின் வரலாறு அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அறிவிப்புப் பலகை இருந்தால் அதைப் படித்துவிட்டு உதட்டைச் சுழிப்பாள். "ஆயிரத்து இருநூறு வருசம்னு போட்டிருக்கான். யாரு இருந்து பாத்தா?" பின் எதற்காகத்தான் போகிறாள்? செல்போனில் யாரோ போட்ட படத்தை வைத்துக்கொண்டு போகிறாள். படத்தில் மூன்று தூண் இருந்தால் அங்கே மூன்று இருக்கிறதா என்று பார்க்கிறாள். இருந்தால் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.

"மூணு காட்டினான், மூணு இருக்கு. அது போதும்க்கா. இந்தக் காலத்துல எவன் காட்டுனது இருக்கு?"

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு படங்கள் உண்டு. முதல் படத்தை அவளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் காட்டினான். கட்டில், ஃபேன், வாசலில் செம்பருத்திச் செடியோடு ஒரு ஹாஸ்டல். வந்து இறங்கியபோது அது ஒரு பழைய கல்யாண மண்டபமாக இருந்தது. தரையில் பாய் விரித்து வரிசையாகப் பெண்கள் படுத்திருந்தார்கள். இரண்டாவது, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படம். மாடி வீட்டின் முன்னால் பைக்கில் சாய்ந்து நிற்கும் மாப்பிள்ளை. நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தாள். மாடி வீடு இருந்தது. அது வேறு ஒருவருடைய வீடு. மாப்பிள்ளை வீடு அதற்கு எதிர்ச்சந்தில் இருந்தது.

"ஓட்டு வீடு ஒண்ணும் குத்தமில்லக்கா. எங்க வீடும் ஓட்டு வீடுதான். அதுக்கு முன்னால நிப்பாட்டி எடுத்திருக்கலாம்லா?"

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பொய் சொன்னதைவிட, இவள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுதான் ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. அம்மா நாச்சியார் சில மாதங்கள் போனில்கூடப் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது முதலில் சொன்னது, "இப்பிடி எல்லாரையும் சோதிச்சுக்கிட்டே இரு. ஒன்ன எவன் நம்பி வருவான்?" என்பது. இதைச் சொல்லும்போது மட்டும் பாண்டிச்செல்வியின் கழுத்து நேராகிவிடுகிறது. எதையும் சாய்த்துப் பார்ப்பதில்லை.

அவள் எல்லோரையும் சந்தேகப்படுவது போல அவளையும் எல்லோரும் சந்தேகப்படுகிறார்கள். அறையின் சொந்தக்காரி கோவிந்தம்மாவுக்கு இந்தப் பஸ் பயணங்களின் மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். ஆள் யாரோ இருக்கிறான் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வர்றேன்மா, சாமி கும்ட்டா மாதிரி இருக்கும்" என்று கூடவே கிளம்பிவிட்டார். இரண்டு பஸ் மாறி, முள்ளுக்காட்டில் நடந்து போனால், அங்கே சாமியும் இல்லை ஆளும் இல்லை. நாலு கல், ஓணான், வெயில். முட்டி வலியோடு திரும்பி வந்தவரின் சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். அது இரண்டு மடங்காகிவிட்டது. என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஆள பாக்கப் போனா கூட அர்த்தம் கீது. ஆளே இல்லாத எடத்துக்கு ஒரு பொண்ணு எதுக்குப் போவணும்? நீங்களே சொல்லுங்க."

நான் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பாண்டிச்செல்வியை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இப்படி மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தேன். மூன்றாவது ஆள் நான். பேச்சுக் கொடுத்தேன். நான் பத்திரிகைகளுக்கு எழுதுவதுண்டு, உன்னைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் பார்த்தபோது என் பெயரை மறுபடி கேட்டாள். போன தடவை சொன்னதும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு யாரோ போன் செய்து, "அப்பிடி ஒரு மேடம் அங்க இருக்காவளா?" என்று விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

கடைசியில் சம்மதித்தாள். ஒரு நிபந்தனை போட்டாள். "எழுதுங்க. ஆனா ஊரு பேரு, பஸ் நம்பரு, எந்தத் திசைன்னு எதுவும் வரப்படாது." எதற்கு என்று கேட்டேன். "படிக்கவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. ஆகவே இனி வரும் ஊருக்குப் பெயர் இல்லை. ஒரகடத்தில் பஸ் மாறினோம் என்பதற்கு மேல் வழி சொல்ல மாட்டேன்.

அன்று அவள் பார்க்கப்போனது ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சிறு கற்கோயில். கூரை இல்லை. கருவறையில் சாமி இல்லை. செல்போனில் அவள் வைத்திருந்த படத்தில், வாசலுக்கு வலப்பக்கம் சுவரில் சாய்த்து ஒரு கல் இருந்தது. முழங்கால் உயரம். அதில் ஒரு பெண் காலைத் தொங்கப்போட்டு, பெரிய வயிறோடு, யாருக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்பது போல உட்கார்ந்திருந்தாள். பாண்டிச்செல்விக்கு அவளைப் பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போது இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டினாள்.

"மத்த சாமி எல்லாம் சிரிக்கும். இவ பாருங்க, நம்பாம பாக்கா."

பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனதும், அவள் டீக்கடையில் வழி கேட்டாள். கடைக்காரர் காட்டிய திசையில் கொஞ்சம் நடந்துவிட்டு, எதிரே வந்த பெண்மணியிடம் மறுபடி கேட்டாள். இரண்டு பேரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள். ஆனால் இரண்டு பேரும் காட்டுவதற்கு முன்னால் எங்களைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்கள். "எதுக்கு?" என்று கேட்டார்கள். சும்மா பார்க்க என்று நான் சொன்னேன். சும்மா என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் நம்பவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஊருக்கு ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் ஏதோ தொழிற்சாலையின் நீண்ட சுற்றுச்சுவர், மேலே முள்கம்பிச் சுருள். சுவர் போய் முடியும் இடத்தில் ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. கரைமேல் ஏறியதும் கோயில் தெரிந்தது. நான் படம் எடுக்க ஆரம்பித்தேன். பாண்டிச்செல்வி படியேறி வாசலுக்குப் போனாள். பிறகு, "யக்கா, இங்க வாங்க" என்றாள். குரல் மாறியிருந்தது.

வாசலுக்கு வலப்பக்கம் எதுவும் இல்லை. சுவரில் கல் சாய்ந்திருந்த அளவுக்கு ஒரு கட்டம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மண் கிளறிக் கிடந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, சுவரையும் மண்ணையும் வெயிலுக்கு எதிராகப் பார்த்தாள். கடப்பாரை பட்ட இடத்தைத் தொட்டாள். விரலில் கயிற்று நார் ஒட்டிக்கொண்டது.

"இப்பத்தான் எடுத்திருக்காவ. மழ படல, பாருங்க. தூக்கிட்டுப் போயிட்டானுவ, பாவிப்பயலுவ."

"யாருமா அது? இன்னா பண்ணிக்கினு கீறீங்க அங்க?"

பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கரைக்குக் கீழே அவருடைய பைக் நின்றது. பெயர் மாரி என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் மெதுவாக ஏறி வந்தார். அது அவருடைய அண்ணி தாயாரம்மாள்.

பாண்டிச்செல்வியின் கை பைக்குள் போனது. எதைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"கோயில் பாக்க வந்தோம்," என்றேன் நான்.

"இத்த பாக்க இன்னா கீது? சாமியே இல்ல. எவன் அனுப்ச்சான் உங்கள?"

"யாரும் அனுப்பல."

"சும்மா வந்தீங்க. போட்டோ எடுக்கிறீங்க. மண்ண நோண்டுறீங்க. ஐடி கீதா?"

எனக்கு முன்னால் பாண்டிச்செல்வி தன் அட்டையை எடுத்து நீட்டிவிட்டாள். யாராவது கேட்டால் காட்டத்தான் அதை விடுமுறையிலும் சுமக்கிறாள். மாரி அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"கம்பெனி." அண்ணியிடம் திருப்பிக் காட்டினார். "நான் சொல்லல? கம்பெனி ஆளுங்கதான். மொதல்ல போட்டோ எடுப்பாங்கோ. அப்புறம் அளந்து கல்லு நடுவாங்கோ. அப்புறம் ஏரியில பாதி காணாப் பூடும்."

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, அத குடுங்க. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு."

"பஞ்சாயத்து தலைவர் வரட்டும். அவர்கிட்ட சொல்லிட்டு வாங்கிக்கோ."

"எப்ப வருவாரு?"

"வருவாரு."

அட்டை இல்லாமல் காலையில் கேட் திறக்காது. அட்டையைத் தொலைத்த கான்ட்ராக்ட் பெண்களை அடுத்த வாரம் லைனில் பார்க்க முடியாது என்று அவள் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஏன், எப்படி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சரி அண்ணாச்சி. நீங்க சந்தேகப்படுதது சரிதான். நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா கேக்க வேண்டியத நீங்க இன்னும் கேக்கல."

மாரி விழித்தார். "இன்னா கேக்கணும்?"

"நான் கம்பெனில என்ன வேலைன்னு கேக்கல. நெலத்த வாங்குத ஆளு பஸ்ஸுல வருவானான்னு கேக்கல. அப்புறம்," என்று என்னைக் காட்டினாள், "இவங்களப் பத்தி ஒண்ணுமே கேக்கல. போட்டோ எடுத்தது நான் இல்ல. இவங்கதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாண்டிச்செல்வி!"

"யக்கா, நீங்க தப்பான ஆளுன்னு நான் சொல்லல. கேக்கணும்னு சொல்லுதேன். எழுதுதவங்க அண்ணாச்சி இவங்க. பத்திரிகைக்கு."

நான்கு கண்கள் என் பக்கம் திரும்பின. ஆடுகள்கூட என்னைப் பார்ப்பது போலிருந்தது. தாயாரம்மாள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்டார். "பத்திரிகையில வந்தா யாரெல்லாம் பாப்பாங்க?"

"வாங்கிப் படிக்கிறவங்க பாப்பாங்க."

"போன்ல ஒர்த்தன் இந்தக் கோயில போட்டான். அத்த யார் யாரோ பார்த்துட்டு, ஏசி கார்ல வந்து எறங்கினாங்கோ. கல்லத் தட்டித் தட்டிப் பார்த்தாங்கோ. இன்னா எடை இருக்கும்னு என்னாண்டயே கேக்கறான்." அவர் குரல் உயரவில்லை. "நீ போட்டா அதே கததானே?"

எடுத்த படங்களை அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். மாரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக அழிவதைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தபோது பாண்டிச்செல்வி எழுந்து வந்தாள்.

"அழிச்சது எல்லாம் உள்ள இன்னொரு எடத்துல போய்க் கெடக்கும் அண்ணாச்சி. அதையும் தொறந்து பாருங்க." போனை என் கையிலிருந்து வாங்கி, அவளே அந்த இடத்தைத் திறந்து மாரியிடம் காட்டி, அங்கேயும் அழித்தாள். பிறகு போனைத் திருப்பி, முதுகில் கீறல் இருக்கிறதா என்று வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்குக் கோபமாக இருந்தது. அதை மறைக்கவும் முடியவில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப நான் கேக்கேன்," என்றாள் மாரியிடம். "இங்க இருந்த அம்மா எங்க?"

"எந்த அம்மா?"

"படத்துல இருந்தாவ. சொவர்ல சாஞ்சு."

"எனக்குத் தெரியாது. எவனோ தூக்கிக்கினு போய்ட்டான்."

"அப்ப போலீஸுக்குப் போவோம் வாங்க. நானும் வாரேன். கார்டு உங்ககிட்டயே இருக்கட்டும். சாமியக் காணலன்னு எழுதிக் குடுத்துட்டு, என்னையும் அவங்களே விசாரிக்கட்டும்."

மாரி பைக்கைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "போலீஸெல்லாம் எதுக்கு? அதெல்லாம் வாணாம்."

பாண்டிச்செல்வி கழுத்தைச் சாய்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் எங்கோ போய்விட்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆள் இல்லாத ஏரிக்கரையில், அட்டை அவர் பையில் இருக்கும்போது, அவள் சொல்லப்போவது என்ன என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

"வேணாமா? சாமி காணாமப் போயிருக்கு, போலீஸு வேணாமா? அப்ப நீங்கதான் எடுத்திருக்கீங்க."

மாரி ஒரு எட்டு முன்னால் வந்தார். "யாரப் பார்த்துத் திருடன்ற? எங்க ஊர்ல வந்து, எங்க சாமிய, என்னையே..."

"மாரி." தாயாரம்மாள் ஒற்றைச் சொல்லில் அவரை நிறுத்தினார். கையிலிருந்த குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாண்டிச்செல்விக்கு மிக அருகில் வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி புகுந்து போயிற்று.

"அத்தப் பார்த்து இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணல."

"வேண்டுதலா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு இவ்ளோ தூரம்?"

"இருக்கான்னு பாக்கணும். இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போவேன்." பாண்டிச்செல்வியின் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. "காட்டுனது எதுவுமே இருந்தது இல்ல, அதான்."

தாயாரம்மாள் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. கொழுந்தனாரிடம் திரும்பி, "கார்ட குட்த்துடு," என்றார்.

"அண்ணி, இவ போய் யார்கிட்டயாச்சும்..."

"நம்மளத் திருடன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. கார்ல வந்தவன் எவனாச்சும் இந்த சாமிக்காக இப்டிக் கத்தினானா? குட்த்துடு."

மாரி அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு பையில் வைத்தாள். நான் அப்பாடா என்று கிளம்பத் தயாரானேன். அவள் அசையவில்லை. சுவரிலிருந்த வெளுத்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல கறுத்துட்ட," என்றார் தாயாரம்மாள். "வூடு இங்கதான் கீது. வந்து தண்ணி குட்ச்சிட்டுப் போ."

நானும் கூடவே அடியெடுத்து வைத்தேன். அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார். "நீ இங்கியே இரும்மா. மாரி உன்ன பஸ்ஸாண்ட கூட்டிக்கினு போவான்."

பஸ் நிறுத்தத்தில் மாரியும் நானும் சிமென்ட் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். சோடா வாங்கித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தன் அண்ணன் மகளும் இப்படித்தான் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள் என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "எழுதுவீங்களா?" என்றார். ஊரை எழுத மாட்டேன் என்றேன். "எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ," என்றார். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியவில்லை. பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அதில் நான் ஏறவில்லை. அடுத்ததும் வராமல் போய்விடுமோ என்ற கவலை வந்த நேரத்தில் தெருமுனையில் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

தாயாரம்மாள் முன்னால் வந்தார். பாண்டிச்செல்வி பின்னால் தலையைக் குனிந்து நடந்து வந்தாள். அவள் சுடிதாரின் முட்டியில் சாணமும் வைக்கோல் துணுக்குகளும் ஒட்டியிருந்தன. கண் ஓரம் சிவந்திருந்தது. பஸ் வந்ததும், எந்த ஊருக்குப் போகிறது என்று ஒருவரையும் கேட்காமல் ஏறினாள். தாயாரம்மாள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். சொல்லிக்கொள்ள ஏதோ இருந்தது போல இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பஸ் நகர்ந்தது.

சுற்றுச்சுவர் முடிந்து வெளிச்சாலை வரும்வரை பொறுத்திருந்தேன். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக எதிரே போய்க்கொண்டிருந்தன. இன்னும் எனக்குள் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவளைப் பற்றி எழுதத் தேடிப் போனது நான். பாதி வழியில் என்னை விட்டுவிட்டு அவள் மட்டும் போய்விட்டாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இருந்துச்சா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கழுத்தைச் சாய்க்காமல், நேராக, வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சேன்க்கா. நல்ல தண்ணி."

வலது கை அவள் மடியில் கிடந்தது. விரல் நுனிகளில் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. நகத்தின் இடுக்கில் குங்குமம். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். அவசரப்படாமல், துப்பட்டாவின் முனையை இழுத்து, அந்தக் கையின் மேல் போட்டு மூடிக்கொண்டாள்.